ஒரு விரல் மான்கொம்பு

"உங்க தொட்டியில அது இன்னும் உயிரோட இருக்கா?"

ஊரிலிருந்து திரும்பி, வீட்டுக்குப் போய்விட்டு நேரே வந்த ஹசிந்தா, தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல், மில் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி இதுதான்.

உள்ளே யாதிரா, வேகவைத்த சோளத்தை மாவரைக்கும் மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ஈர மாவு.

"எது உயிரோட இருக்கா?"

"மான்கொம்புப் பவளம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு விரல் ஒடிச்சு உனக்குக் கொடுத்தேனே."

"இருக்கே. ஏன்?"

"எங்க தொட்டியில எல்லாம் போச்சு," என்றாள் ஹசிந்தா. அப்போதுதான் பையை இறக்கிவைத்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு ஹசிந்தா வீட்டில் எல்லோரும் அவள் பெரியப்பா ஊருக்குப் போயிருந்தார்கள். மூன்று நாள். அந்த மூன்று நாளில் வஹாக்கா நகரத்தில் ஒரு மழை. அவர்கள் தெருப்பக்கம் மட்டும் ஒரு பகலும் ஓர் இரவும் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை. தொட்டியில் கடல்நீர் அசையாமல் நின்றுபோனது. அசையாத நீரில் காற்று இறங்காது. மீனும் போய்விட்டது, பவளமும் போய்விட்டது.

யாதிராவின் அம்மா எல்பிதியா மெஷினை நிறுத்தினாள். "அடப் பாவமே. அழுதியா, இல்ல அடக்கி வச்சிருக்கியா?"

"பஸ்ல வரும்போதே போன் பண்ணிப் பக்கத்து வீட்டுல பார்க்கச் சொன்னோம் அத்தை. அப்பவே அழுதுட்டேன்."

"நல்லது. கைய கழுவிட்டு வா, ரெண்டு பேரும் ஆளுக்கொரு சோள ரொட்டி தின்னுங்க."

ஹசிந்தா தின்றுகொண்டே மீதியையும் சொன்னாள். அவள் அப்பா செவேரோ ரொட்டிக்கடைக்காரர். செத்த தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாராம். பிறகு கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாராம்.

"தட்டினாரா? எதுக்கு?"

"கெட்டியா இருக்கான்னு. ஜனவரியில மூவரசர் திருநாளுக்கு வளைய ரொட்டி அடுக்க இதைவிடப் பெரிய கண்ணாடிப் பெட்டி கிடைக்காதாம்."

யாதிராவுக்குச் சிரிப்பு வந்தது. ஹசிந்தாவின் முகத்தைப் பார்த்து அதை ரொட்டியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

"நான் சண்டை போட்டேன். கடைசியில அப்பா ஒரு கெடு வச்சாரு. திருநாளுக்கு முந்தின நாள் வரைக்கும் கல்லும் தண்ணியும் இருக்கட்டும், மோட்டார் ஓடட்டும். அதுக்குள்ள அதுல ஒரு பவளமாவது உயிரோட வந்துட்டா தொட்டி எனக்கு. வரலைன்னா ரொட்டிக்கு. ஒரு விரல் போதும் யாதிரா. உன்கிட்ட இருக்கிறதுல ஒரே ஒரு விரல்."

"இதையெல்லாம் கேட்கணுமா? அதுக்குத்தானே கொடுத்து வச்சே."

பவளம் வளர்ப்பவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நல்ல பவளத்தை ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு துண்டு ஒடித்து வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் போனால் இன்னொரு வீட்டில் இருக்கும்.

இருவரும் மில்லுக்குப் பின்னாலிருந்த கூடத்துக்குப் போனார்கள். பல் டாக்டர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன தொட்டி அது. தோல் பவளம் முறம்போல் விரிந்திருந்தது. காளான் பவளங்கள் பாறையின் நிழலில் நீலமும் சிவப்புமாகக் குந்தியிருந்தன. பொத்தான் பவளங்கள் ஒன்று பத்தாகப் பெருகிக் கிடந்தன.

"எப்படி இருக்கு பாரு," என்றாள் யாதிரா பெருமையாக. "ஆறு மாசமா தண்ணிகூட மாத்தலை. தொடவே இல்லை. தொடாம இருந்தாதான் நல்லா வருது."

ஹசிந்தா, பாறை உச்சியில் இருந்த மான்கொம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் ஐந்து விரல்கள். நன்றாக இருக்கும் மான்கொம்பின் நுனி வெள்ளையாக, புதிதாக, பால்பல் மாதிரி இருக்கும். இதன் நுனிகள் மங்கிப் பழுப்பாக இருந்தன. அடியில், கல்லோடு ஒட்டும் இடத்தில், தோல் உரிந்து எலும்பு தெரிந்தது.

"உயிரோட இருக்கு," என்றாள் ஹசிந்தா மெதுவாக. "ஆனா இப்ப ஒடிச்சா ரெண்டு பக்கமும் செத்துடும்."

யாதிராவின் காது சூடானது. தினமும் பார்க்கிற தொட்டி. பூத்ததை எல்லாம் பார்த்தாள். வாடியதைப் பார்க்கவே இல்லை.

"விடுடி," என்றாள் ஹசிந்தா. "அப்பா ரொட்டி அடுக்கிக்கட்டும்."

"யாரும் எதையும் அடுக்க வேணாம். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நான் சரி பண்றேன்."

"எப்படி?"

"தெரியாது. ஆனா பண்றேன்."

முதலில் அவள் நினைத்தது வெளிச்சம். மான்கொம்பு வெயில்காரப் பவளம். கடலில் மேலே, அலை அடிக்கிற இடத்தில் வளர்வது. ஒருவேளை விளக்கு பழசாகிவிட்டதோ? விளக்கை ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினாள்.

நான்கு நாளில் காளான் பவளங்கள் எல்லாம் சுருங்கிக் கிஸ்மிஸ் ஆகிவிட்டன.

"அக்கா, காளானுக்குக் கோபம்," என்றான் தம்பி நெஃப்தலி. ஆறு வயது. கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துத்தான் எதையும் பார்ப்பான்.

"கோபம் இல்லடா. அது நிழல்ல இருக்கிறது. வெயில் தாங்கலை."

"அப்ப குடை பிடி."

மான்கொம்பும் தெளியவில்லை. அதன் உடல் இன்னும் நிறம் மங்கியது. யாதிரா விளக்கைப் பழைய இடத்துக்கே ஏற்றினாள். நோட்டில் எழுதினாள்: வெளிச்சம் காரணம் இல்லை.

அடுத்து, அலை. மோட்டாரை மான்கொம்பின் பக்கம் திருப்பி வைத்தாள். தோல் பவளம் புயலில் மாட்டிய குடை மாதிரி மடங்கியது. கோமாளி மீன் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு, அவளையே பார்த்தது. மான்கொம்பில் ஒரு மாற்றமும் இல்லை.

மோட்டாரையும் பழையபடி திருப்பினாள். நோட்டில் எழுதினாள்: அலையும் இல்லை.

"பட்டினியா இருக்குமோ?" என்றான் நெஃப்தலி. "நான் வேணா என் ரொட்டியக் கொடுக்கவா?"

"நீ உன் ரொட்டியத் தின்னு. அது போதும்."

நவம்பர் முடியப்போகிறது. பள்ளிக்கூடத்தில் ஹசிந்தா ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் யாதிராவுக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. மில்லில் வரிசை. ஆளாளுக்கு வாளியில் வேகவைத்த சோளத்தோடு நின்றார்கள். புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணின் முறை வந்தது. மெஷினிலிருந்து விழுந்த மாவை எல்பிதியா கையில் எடுத்து, உருட்டி, விரலால் அழுத்தினாள். மாவு பொலபொலவென்று உதிர்ந்தது.

"சுண்ணாம்பு போட்டியாம்மா வேகவைக்கும்போது?"

"போட்டேங்க்கா. கொஞ்சமா."

"கொஞ்சம்னா?"

"ஒரு சிட்டிகை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள், "சிட்டிகை போட இது என்ன, மூக்குப்பொடியா?"

"சிரிக்காதீங்கடி, நீங்க மட்டும் பொறந்தப்பவே கத்துக்கிட்டா வந்தீங்க?" என்றாள் எல்பிதியா. பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னாள், "சுண்ணாம்பு போதலைன்னா சோளம் தோல் விடாது, மாவு சேராது. பார்க்க எல்லாம் ஒழுங்கா இருக்கும். தட்டினா உடையும். அடுத்த தடவை கரண்டியால போடு."

யாதிரா கையில் வாளியோடு அப்படியே நின்றாள்.

பார்க்க எல்லாம் ஒழுங்காக இருக்கும். சுண்ணாம்பு போதவில்லை.

"யாதிரா, வாளி. ஏய், யாதிரா."

அவள் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

தொட்டிக் கண்ணாடியில் முன்பெல்லாம் வாரம் ஒருமுறை ஊதா நிறப் பாசியைச் சுரண்ட வேண்டியிருக்கும். கல் மாதிரி கெட்டியாக ஒட்டும் பாசி. கடைசியாக எப்போது சுரண்டினோம்? நினைவே வரவில்லை. அடுத்து நத்தை. அதன் ஓட்டை உற்றுப் பார்த்தாள். மேலே வெள்ளை வெள்ளையாக அரித்திருந்தது.

நத்தைக்கு ஓடு. ஊதாப் பாசிக்குக் கல்தோல். மான்கொம்புக்கு எலும்பு. மூன்றுக்கும் சுண்ணாம்பு வேண்டும். தோல் பவளத்துக்கும் காளானுக்கும் பொத்தானுக்கும் அப்படிப் பெரிய எலும்பு கிடையாது. அதனால் அவை கவலையே இல்லாமல் பூத்துக்கொண்டிருக்கின்றன.

"நெஃப்தலி, இங்க வா. இதுல யார் யாரு வீடு கட்டுறாங்க, சொல்லு."

அவன் மூக்கைக் கண்ணாடியில் வைத்தான். "நத்தை."

"அப்புறம்?"

"கொம்பு. அது கல்லு வீடு."

"ஆறு மாசமா தண்ணி மாத்தாம, வீடு கட்ட வேண்டியதெல்லாம் தீர்ந்துபோச்சுடா. நான்தான் பார்க்கலை."

மீன் விற்கும் கடைக்கு ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் சிறு குப்பியில் ஊற்றி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"எட்டு சொட்டு வரைக்கும் நீலமா நிக்கணும். உன்னோடது அஞ்சாவதுலயே மஞ்சளாயிடுச்சு பாரு. சுண்ணாம்புச் சத்து இல்லாத தண்ணி. இதுக்குன்னே பாட்டில் மருந்து வருது, ரெண்டு வகை. தரவா?"

யாதிரா பாட்டிலின் பின்பக்கத்தை, விலையோடு சேர்த்து, திருப்பித் திருப்பிப் படித்தாள். பிறகு பத்திரமாக வைத்துவிட்டாள்.

"யோசிச்சிட்டு வரேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் போனில், பவளம் வளர்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் குழுவில் எழுதினாள்: சோளம் வேகவைக்கப் போடுகிற சுண்ணாம்பைத் தொட்டிக்குப் போடலாமா?

மாவு எப்போது அரைக்கலாம் என்று கேட்கும் வாடிக்கையாளர் செய்திகளுக்கு நடுவே பதில்கள் வந்தன.

"வேற எதுவும் கலக்காத சுண்ணாம்புன்னா போடலாம். நான் வருஷக்கணக்கா அதான் போடுறேன்."

"முதல்ல உப்புத் தண்ணிய மாத்து, கொஞ்சம் கொஞ்சமா. ஏறின சத்து இறங்காம இருக்கத்தான் சுண்ணாம்பு."

"மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுக்கணும். சொட்டுச் சொட்டா. ஒரேயடியா ஊத்தினா மீன் செத்துடும்."

"கையில படாம பார்த்துக்க. பெரியவங்க பக்கத்துல இருக்கட்டும்."

நான்கையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அம்மா, ஒரு கரண்டி சுண்ணாம்பு வேணும்."

"சோளம் வேகவைக்கப் போறியா? உலகம் அழியப்போகுது."

"பவளத்துக்கு."

எல்பிதியா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். நோட்டை வாங்கிப் படித்தாள். பிறகு தன் ரப்பர் கையுறைகளை எடுத்துக் கொடுத்தாள். அவை யாதிராவின் முழங்கையைத் தாண்டின.

இரண்டு வாரம் தண்ணீரை மாற்றினார்கள். மூன்று நாளுக்கு ஒரு வாளி வெளியே, ஒரு வாளி புதிது உள்ளே. வாளியைத் தூக்க ஹசிந்தாவும் வந்தாள்.

"இதெல்லாம் பண்ணியும் போயிடுச்சுன்னா?"

"போகாது. பிடி, சிந்துது."

பிறகு சுண்ணாம்பு. சுத்தமான தண்ணீரில் கலக்கி, மூடி வைத்தாள். பால் மாதிரி இருந்தது மறுநாள் கண்ணாடியாகத் தெளிந்து, மேலே மெல்லிய ஏடு கட்டியிருந்தது. தெளிவை மட்டும் வேறு பாட்டிலில் இறக்கினாள். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் குழாய் ஒன்றைப் புதிதாக வாங்கி, பாட்டிலைத் தொட்டிக்கு மேலே ஆணியில் மாட்டினார்கள்.

"தொட்டிக்கு ஜுரமா?" என்றான் நெஃப்தலி.

சொட்டு. சொட்டு. சொட்டு.

யாதிரா கால் மணி நேரம் பொறுத்தாள். இப்படி ஒவ்வொரு சொட்டாக விழுந்தால் எப்போது முடிவது? குழாயின் சக்கரத்தைக் கொஞ்சம் திருகினாள். இன்னும் கொஞ்சம். தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அது விழுந்த இடம் புகைமாதிரி வெளுத்தது. வெளுப்பு பரவியது. கோமாளி மீன் பாறைக்குப் பின்னால் பாய்ந்தது. தோல் பவளம் ஒரே மூச்சில் சுருங்கியது.

"அம்மா."

எல்பிதியா வருவதற்குள் யாதிராவே சக்கரத்தை முழுதாக மூடிவிட்டாள். எழுதி வைத்திருந்தாள், எழுதியதைத்தான் மறந்தாள். வெளுப்பு அடங்கி, மீன் பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்வரை அவள் நகரவில்லை.

"இன்னிக்கு விட்டுடு," என்றாள் அம்மா.

"இன்னிக்கு விட்டுடறேன். நாளைக்கு எண்ணி எண்ணி விடுவேன்."

மில் திறக்கும் நேரம் காலை ஐந்து மணி. மறுநாளிலிருந்து யாதிராவும் அம்மாவோடு எழுந்தாள். தொட்டியில் விளக்கு எரியத் தொடங்குமுன், மூச்சுக்கு ஒரு சொட்டு. அதற்குமேல் கிடையாது. அங்கே மெஷின் தடதடவென்று ஓட, இங்கே சொட்டுகள் விழுந்தன. பல் விளக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்து, கணக்கு வீட்டுப்பாடத்தை அங்கேயே போட்டாள்.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள். ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறை விட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்காகத் தெருவெல்லாம் பாட்டு. யாதிரா சொட்டு எண்ணினாள்.

"அக்கா, கண்ணாடியில யாரோ மிட்டாய் ஒட்டியிருக்காங்க," என்றான் நெஃப்தலி ஒருநாள்.

"எங்கே?"

அவன் மூக்குக்கு நேர் எதிரே, கடுகளவு, ஊதா நிறத்தில் ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டினால் வராத புள்ளி. அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

யாதிரா வேகமாக மான்கொம்பைப் பார்த்தாள். உயரமான விரலின் நுனியில், நூல் கனத்துக்கு, வெள்ளை.

மெஷின் சத்தத்தையும் மீறி அம்மாவைக் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்களும் கூடவே வந்து பார்த்தார்கள். பாதிப்பேருக்கு என்ன பார்க்கிறோம் என்றே தெரியவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள், ஐந்து நுனிகளில் நான்கு வெள்ளையாக இருந்தன. ஹசிந்தா இடுக்கியோடு வந்தாள்.

"ஓரத்துல இருக்கிற குட்டையைக் கொடு. போதும்," என்றாள். "நெட்டை உனக்கு இருக்கட்டும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்திருக்கே."

யாதிரா இரண்டையும் பார்த்தாள். நெட்டையின் நுனிதான் முதலில் வெள்ளையானது. நெட்டைக்காகத்தான் அவள் தினமும் ஐந்து மணிக்கு எழுந்தாள். குட்டையின் நுனி இன்னும் பழுப்பு.

"குட்டை பிழைக்குமான்னு எனக்கே தெரியாது," என்றாள். "நெட்டை பிழைக்கும். உனக்கு ஒண்ணுதானே கிடைக்கப்போகுது. அது பிழைக்கிறதா இருக்கணும்."

"உன்னோடது?"

"எனக்கு நாலு விரல் இருக்கே. சுண்ணாம்பும் மூட்டை மூட்டையா இருக்கு."

யாதிரா இடுக்கியை வாங்கி, நெட்டையில் வைத்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

ரொட்டிக்கடையில் செவேரோ மாமா, கைநிறைய மாவோடு தொட்டிக்கு முன்னால் குனிந்தார். கல்லின்மேல் பசை வைத்து ஒட்டிய விரல், உள்ளே தனியாக நின்றுகொண்டிருந்தது.

"இந்தக் குச்சிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"குச்சி இல்லப்பா."

"உயிரோட இருக்கா?"

"கிட்ட வந்து பாருங்க."

அவர் இன்னும் குனிந்தார். விரல் முழுதும் ஊசிமுனை அளவு பூக்கள் ஒவ்வொன்றாகக் கைவிரித்துக்கொண்டிருந்தன. செவேரோ மாமா ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது மூக்கில் மாவு ஒட்டியிருந்தது.

"சரி," என்றார். "ரொட்டியை மேசையிலயே அடுக்குறேன்."

மூவரசர் திருநாள் காலையில் கடை வாசல் தாண்டி வரிசை நின்றது. முறை வரும்வரை எல்லோருக்கும் வேடிக்கை அந்தத் தொட்டிதான்.

"இது என்ன செடி மாமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"செடியா? விலங்கும்மா அது," என்றார் செவேரோ மாமா, பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்போல. "எலும்பு வளரணும்னா சுண்ணாம்பு கேட்கும். எல்லாப் பவளமும் கேட்காது. இது கேட்கும்."

வரிசையில் நின்ற யாதிராவும் ஹசிந்தாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை, மில்லில் சோள வாளிகளின் வரிசையில் செவேரோ மாமா நின்றார். கையில் வாளி இல்லை. ஒரு காலிக் காப்பிக் குவளை இருந்தது.

"ரொட்டிக்கடைக்காரருக்கு மில்லுல என்ன வேலை?" என்றாள் எல்பிதியா.

அவர் குவளையை நீட்டினார். "ஒரு கரண்டி சுண்ணாம்பு கொடும்மா. எங்க வீட்டுல ஒருத்தர் வீடு கட்டிக்கிட்டிருக்காரு."